பதிலுக்குப் போனவன்

ஓகஸ்ட் 19, திங்கள்

காலை 148/92. மாலை 151/94.

சுகாதார நிலையத்துத் தாதி இந்தக் கொப்பியைத் தந்து, இரத்த அழுத்தத்தை இரண்டு வேளையும் எழுதச் சொன்னாள். மனதில் ஏதாவது கிடந்தால் அதையும் எழுது, இரண்டுக்கும் தொடர்பிருக்கிறதா பார்க்கலாம் என்றாள். சுவீடிஷில் எழுத எனக்கு மனம் வராது. தமிழில் எழுதுகிறேன். அவள் இலக்கங்களை மட்டும் பார்க்கட்டும்.

இன்றைக்கு மகன் ஆரூரனை இராணுவப் பயிற்சிக்கு அனுப்பினோம். பத்தொன்பது வயது. இந்த நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகளில் சிலரைத் தெரிவு செய்து கட்டாயமாக எடுக்கிறார்கள். பதினொரு மாதம். கடிதம் வந்த அன்று நான் அதைக் குசினி மேசையில் கவிழ்த்து வைத்தேன். இவர் நிமிர்த்தி வைத்தார்.

"எங்களை ஏற்று வைச்சிருக்கிற நாடு வதனி. கேட்டால் குடுக்கத்தானே வேணும்."

இவர் நகர பஸ் ஓடுகிறார். அந்தக் கிழமை பஸ்ஸில் ஏறிய தெரிந்தவர்களுக்கெல்லாம் மகன் இராணுவத்துக்குப் போகிறான் என்று சொல்லியிருக்கிறார்.

ரயில் போனதும் வீட்டுக்கு வந்து ஆரூரனின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கக் கொண்டு போனேன். கட்டடத்துச் சலவை அறையில் எங்களுக்கான நேரம் திங்கள் நான்கு மணி. அதைத் தவறவிட்டால் இன்னும் ஒரு கிழமை காத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

150/93.

சீருடையில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். இவர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் மாட்டினார்.

தொப்பியையும் தாடையையும் சேர்த்துப் பார்த்தால் அது ஆரூரன் இல்லை, மதி. மதி என் தம்பி. அம்மா அப்பா செத்த பிறகு நான் வளர்த்தவன். 2008 டிசம்பரில், வன்னியில், வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் இரண்டு பேர். இவருக்கு முப்பத்தொன்று. மதிக்குப் பதினேழு. ஆரூரன் மூன்று வயதுக் குழந்தை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, தகரத்தால் மூடி, மேலே விறகு அடுக்கி, அதற்குள் மதியை ஒளித்து வைத்திருந்தோம். வந்தவர்கள் நேரே விறகுக்குத்தான் போனார்கள். நான் கிணற்றடியில் நின்றேன். ஓடி வருவதற்குள் கொண்டு போய்விட்டார்கள். மார்ச்சில் ஒரு பெடியன், மதியைப் போர்முனை மண் அணை ஒன்றில் கண்டதாகச் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா. கிடங்கை மூடத் தகரம் தந்தவள் அவள். எங்களை விட்டால் அவளுக்குத்தான் தெரியும். இப்போது கனடாவில் இருக்கிறாள். வருடப் பிறப்புக்கு ஒவ்வொரு முறையும் எடுப்பாள். நான் தொலைபேசியைத் தூக்குவதில்லை.

"படம் நேராக் கிடக்கோ?" என்று இவர் கேட்டார்.

"மதியைப் போல கிடக்கு" என்றேன்.

சுத்தியலை வைக்கக் கீழே களஞ்சிய அறைக்குப் போனவர் கனநேரம் மேலே வரவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆரூரன் எடுத்தான். சாப்பிட்டாயா என்றால் ஓம். குளிரோ என்றால் ஓம். பிறகு அவனாகச் சொன்னான்:

"அம்மா, துவக்காலை சுடப் பழக்கிற பலகையிலை ஆளின்ரை உருவம் கீறிக் கிடக்கு."

"பலகைதானே அப்பன்."

"ஓம். பலகைதான்."

ஒக்டோபர் 2, புதன்

162/98.

முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர் எடுத்தார். வேலை நேரத்தில் எடுக்கிறவர் இல்லை. ஆரூரன் துவக்கை வாங்க மறுத்துவிட்டானாம். காலையில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டுத் துவக்கைக் கொடுத்திருக்கிறார்கள். இவன் முறை வந்ததும் முன்னுக்குப் போய், "நான் இதை எடுக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். மூன்று தரம் கேட்டார்களாம். மூன்று தரமும் அதே பதில். ஒருவரும் சத்தம் போடவில்லை. மறுத்ததை எழுதிக்கொண்டு, அவனை அறைக்குப் போய் இருக்கச் சொன்னார்களாம்.

பின்னேரம் இவர் அவனோடு கதைத்தது எனக்குக் குசினிக்குள் கேட்டது.

"ஆரைக் கேட்டு உதைச் செய்தனீ?"

அவன் சொன்னது கேட்கவில்லை.

"உனக்கு விளங்காது. மறுக்கிறது எண்டால் என்னெண்டு உனக்கு விளங்காது. நான் நேரை வாறன்."

ஒக்டோபர் 5, சனி

எழுநூறு கிலோமீற்றர். இவர் தனியே காரில் முகாமுக்குப் போயிருக்கிறார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீர் வந்தால் அழுவீர்" என்றார். இடியப்பமும் மீன் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். எல்லாக் கண்ணாடிகளையும்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

வந்துவிட்டார். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது.

"என்ன சொன்னவன்?"

"மாட்டனெண்டிட்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னன்."

இவர் குளிக்கும் தண்ணீர் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடியப்பத்தைக் கொட்டினேன்.

ஒக்டோபர் 10, வியாழன்

ஆயுதம் தொடாமல் சேவை செய்ய விண்ணப்பம் போட்டிருக்கிறான். இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம். மனச்சாட்சி இடம் கொடுக்காது என்பதை அவன் எழுதிக் காட்ட வேண்டும், அதை ஒரு அலுவலகம் விசாரித்து முடிவு சொல்லும். அதுவரைக்கும் முகாமில் சமையலறையில் விட்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் தீயணைப்பிலோ வேறெங்கோ போடுவார்கள். இல்லையென்றால் திரும்பவும் துவக்கை நீட்டுவார்கள். அப்போதும் மறுத்தால் வழக்கு.

"காரணம் என்ன எழுதினனீ?" என்று கேட்டேன்.

"இன்னும் எழுதி முடிக்கேல்லை அம்மா."

ஒக்டோபர் 26, சனி

மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "உங்கடை பெடியன் பயந்திட்டானாம்" என்று ஒருவர் இவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். இவர் தட்டை வைத்துவிட்டு, "வாரும், போவம்" என்றார். கேக் கூட வெட்டவில்லை.

காருக்குள் வைத்துச் சொன்னார்: "அவன் பயந்தவன் இல்லை. பயந்தவன் எப்பிடி இருப்பான் எண்டு எனக்குத் தெரியும்."

நவம்பர் 14, வியாழன்

முதல் பனி. சுவரில் இருந்த படத்தை இவரே கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

டிசம்பர் 7, சனி

ஆரூரன் நான்கு நாள் விடுப்பில் வந்திருக்கிறான். மெலிந்துவிட்டான். கோழிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு. நன்றாகச் சாப்பிட்டான். இவர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். இவன் எழும்ப முன் போய், இவன் வெளியே போன பிறகு வருகிறார்.

"அப்பாவோடை கோவமோ?"

"இல்லை."

"பேந்து ஏன்?"

"அம்மா, என்னை ஒண்டும் கேக்காதைங்கோ."

டிசம்பர் 8, ஞாயிறு

அளக்கவில்லை.

அவன் உடுப்புகளைத் தோய்க்க எடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா தன் நேரத்தை விட்டுக் கொடுத்திருந்தாள். பையின் பக்க உறைக்குள் மடித்த தாள்கள். விண்ணப்பத்துக்கு அவன் எழுதிய காரணம். சலவை இயந்திரத்தின் மேல் வைத்து வாசித்தேன். மூன்று பக்கம். என் சுவீடிஷ் முதியோர் இல்லத்துச் சுவீடிஷ். ஆனால் அவன் சின்னச் சின்ன வசனமாக எழுதியிருந்தான்.

இப்படி எழுதியிருக்கிறான்: என் தந்தைக்கு ஆயுதம் எடுக்க விருப்பமில்லை. ஆனால் அவர் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. தனக்குப் பதிலாக, என் தாயின் தம்பி ஒளிந்திருந்த இடத்தைக் காட்டினார். இதை அவர் என்னிடம் சொன்னது என்னைப் பணிய வைப்பதற்காக. நீ மறுத்தால் உன் இடத்துக்கு இன்னொருவன் போவான், அவனை நீ வாழ்நாள் முழுக்கச் சுமப்பாய் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் செய்தது மறுப்பு இல்லை, ஒளிப்பு. நான் ஒளிக்கவில்லை. என் பெயரைச் சொல்லி மறுக்கிறேன். தண்டனையை நானே எடுக்கிறேன். ஒருவரையும் காட்ட மாட்டேன்.

காட்டினார் என்பதற்கு அவன் எழுதிய சொல் எனக்குத் தெரிந்த சொல்தான். இல்லத்தில் மருந்து மாறிக் கொடுத்தது யார் என்று விசாரிக்கும்போது மேலதிகாரி அந்தச் சொல்லைத்தான் பாவிப்பாள். இருந்தும் மேலே வந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். அதே அர்த்தம்தான் இருந்தது.

அவன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். தாள்களை முன்னால் வைத்தேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அப்பா முகாமுக்கு வந்தண்டு. காருக்குள்ளை வைச்சுச் சொன்னவர்."

"ஒக்டோபர்."

"ஓம்."

"ரெண்டு மாசம். கிழமைக்கு ரெண்டு தரம் என்னோடை கதைக்கிறாய். சாப்பிட்டியா எண்டு கேட்டால் ஓம் எண்டிறாய்."

"அப்பா தானே உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு இருந்தன்."

"எனக்குச் சொல்லாததை அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறாய்."

நான் கீழே போய் உடுப்புகளை இயந்திரத்தில் போட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

இவர் வேலையால் வந்ததும் சோறு போட்டேன். எதிரில் இருந்தேன்.

"நீங்களோ காட்டினது?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. எதை என்று அவர் கேட்கவில்லை.

"ஓம்."

"பரிமளம் அக்கா எண்டு பதினாறு வருஷமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"நான் ஒருநாளும் அவ எண்டு சொல்லேல்லை."

"இல்லையெண்டும் சொல்லேல்லை."

"என்னைத்தான் கொண்டுபோக நிண்டவை வதனி. கையைப் பிடிச்சிட்டினம். வேற ஆர் இருக்கினம் எண்டு கேட்டவை. வாய் திறக்கேல்லை நான். விறகுப் பக்கம் கையைக் காட்டினன். அவ்வளவுதான்." கையைக் கழுவாமலே இருந்தார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு விடிய நீர் என்னட்டை..."

"என்ரை பேரை இதுக்குள்ளை இழுக்காதைங்கோ" என்றேன்.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பஸ் நிறுவனத்தின் மேற்சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போனார்.

டிசம்பர் 11, புதன்

ஆரூரன் திரும்பிப் போய்விட்டான். என் தலையணையை அவனுடைய அறைக்கு மாற்றினேன்.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. அகதி முகாமில் மதியின் பெயரை ஒவ்வொரு பட்டியலிலும் தேடும்போது இந்த மனிதன் எனக்குப் பக்கத்தில் நின்று விரலை வைத்து வாசித்தார். இங்கே வந்த பிறகு, காணாமல் போனவர்களைத் தேடும் சர்வதேச நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். முகவரி எழுதித் தந்தது இவர். முத்திரை ஒட்டியது இவர். மதியின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் நான் பாற்சோறு வைப்பேன். ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

பிள்ளையும் தகப்பனின் பிள்ளைதான். இருவரும் ஒரு கதவுக்கு உள்ளே நின்றிருக்கிறார்கள். நான் வெளியே நின்று சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இல்லத்தில் லூசியா பண்டிகை. வெள்ளை உடுத்த பிள்ளைகள் தலையில் மெழுகுதிரி வைத்துப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் கோப்பி ஊற்றினேன். என்னோடு வேலை செய்யும் குனில்லா, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். மெழுகுதிரிப் புகை என்றேன். இப்போதெல்லாம் மின்கலத் திரிதான், புகை வராது.

ஜனவரி 14, செவ்வாய்

158/97.

பொங்கல். பரிமளம் அக்காவை நானே எடுத்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. குரல் தளர்ந்திருந்தது. நான் யாரென்று சொன்னேன். காட்டியது இவர்தான் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. வேலிக்கு இஞ்சாலை நிண்டனான். உன்ரை மனுசன் ஞானசீலன் கையைக் காட்டினதைக் கண்டனான்."

"பேந்து ஏனக்கா சொல்லேல்லை? நான் உங்களைக் கண்டபடி பேசினனான். மண் அள்ளித் தூத்தினனான்."

"சொன்னால் நீ அந்த மனுசனோடை எப்பிடிச் சீவிப்பாய்? செல் விழுந்துகொண்டிருக்கு, கையிலை குழந்தை. நான் தனிக்கட்டை. என்னைப் பேசினால் பேசிப்போட்டுப் போ எண்டு இருந்திட்டன்." பிறகு சொன்னாள்: "பேந்து யோசிச்சன், உனக்கும் தெரியும்தானே எண்டு. நீ அடுப்படிக்கை நிண்டாய். அங்கையிருந்து பார்த்தால் வாசல் படலையும் விறகும் நேரை தெரியும்."

நான் கிணற்றடியில்தான் நின்றேன். அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. நினைவு குழம்புகிறது. மருந்து எடுக்கிறாளாம், அவளே சொன்னாள்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

விண்ணப்பத்தை விசாரிக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம். ஆரூரன் எழுதிய சம்பவம் பற்றித் தாயிடம் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்பார்களாம். செவ்வாய் பத்து மணிக்கு.

இவரிடம் நான் கதைப்பதில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். வாசித்திருக்கிறார். என் அறை வாசலில் வந்து நின்றார்.

"உள்ளதைச் சொல்லும். எனக்கு வாறது வரட்டும். பிள்ளைக்கு அதாலை நல்லது நடந்தால் நடக்கட்டும்."

பெரிய மனிதர். பதினாறு வருடம் கழித்து உண்மை பேச என்னிடம் சொல்கிறார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து மார்கரேத்தா என்று ஒருத்தி எடுத்தாள். மெதுவாக, எனக்கு விளங்கும்படி கதைத்தாள். உங்கள் தம்பி கொண்டுபோகப்பட்டபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? கிணற்றடியில். உங்கள் கணவர் இடத்தைக் காட்டியதைக் கண்டீர்களா? இல்லை. அவர் பிறகு உங்களிடம் சொன்னாரா? இல்லை. உங்கள் மகன் எழுதியதை உறுதிப்படுத்த முடியுமா? நான் ஒன்றும் காணவில்லை என்றேன்.

பொய் சொல்லவில்லை. காணாததைக் கண்டேன் என்று எப்படிச் சொல்வது. இந்த வீட்டுக்குள் நடந்ததை முகம் தெரியாத ஒருத்திக்கு ஏன் விரித்துக் காட்ட வேண்டும். இவர் டிசம்பரில் ஓம் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் அதை அவளிடம் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வியும் வரும்.

மதியம் வேலைக்குப் போனேன். இரண்டு பேரைக் குளிப்பாட்டினேன்.

பெப்ரவரி 27, வியாழன்

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பதாரர் காரணமாகக் காட்டும் குடும்பச் சம்பவத்தை உறுதிப்படுத்த முடியவில்லை. அவருடைய மறுப்பு நிலையான சொந்த நம்பிக்கையிலிருந்து வந்தது என்பதும் போதிய அளவு காட்டப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆரூரன் எடுத்தான்.

"அம்மா, அவ உங்களிட்டைக் கேட்டவவோ?"

"கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"தெரிஞ்சதைச் சொன்னன்."

அந்தப் பக்கம் தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"சரி அம்மா" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 5, புதன்

திரும்பவும் துவக்கை நீட்டினார்கள். திரும்பவும் மறுத்தான். வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வழக்கு.

மார்ச் 23, ஞாயிறு

160/99. மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஆரூரன் வந்ததால் நான் கூடத்துச் சோபாவில் படுக்கிறேன். தகப்பனும் மகனும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு இருவருமாகக் காரின் பனிக்காலச் சில்லுகளைக் கழற்றிக் கோடைச் சில்லு மாற்றினார்கள். பல்கணியில் நின்று பார்த்தேன். இவர் ஏதோ சொல்ல, அவன் சில்லு நட்டை இறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணி கொண்டு போனதும் கதையை நிறுத்திவிட்டார்கள்.

தம்பியைக் கொடுத்தவரோடு என் பிள்ளை சில்லு மாற்றுகிறான். என்னோடு "ஓம் அம்மா, இல்லை அம்மா" மட்டும். யார் யாருக்கு என்ன செய்தது என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நீதிமன்றம். சின்ன அறை. ஒரு நீதிபதி, பக்கத்தில் மூன்று பேர், அரசு வழக்கறிஞர் ஒரு பெண். ஆரூரன் கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டிருந்தான். மறுத்தீரா என்றார்கள். மறுத்தேன் என்றான். திரும்பக் கேட்டால் என்ன சொல்வீர்? மறுப்பேன்.

பிறகு அவனுடைய வழக்கறிஞர் இவரைச் சாட்சியாகக் கூப்பிட்டார். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இவர் கோட்டுப் போட்டபோது பார்வையாளராக வருகிறார் என்றுதான் நினைத்தேன். முன்னுக்குப் போய் இருந்தார். சுவீடிஷ் தெரியும், பஸ்ஸில் நாள் முழுக்கக் கதைக்கிறவர், இருந்தும் தமிழில் சொல்ல விரும்புகிறேன் என்றார். மொழிபெயர்க்க ஒரு இளம் பெண் வந்திருந்தாள். நம்முடைய பிள்ளைதான், பேச்சில் தீவுப்பகுதிச் சாயல்.

இவர் சொன்னார். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டதை. கிடங்கை. விறகை. அவள் வசனம் வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அவை என்ரை கையைப் பிடிச்சவை. வேற ஆர் எண்டு கேட்டவை. நாங்கள் காட்டினனாங்கள்."

அந்தப் பெண் நிறுத்தினாள். இவரைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "நாங்கள் எண்டால், ஐயா? நீங்களும் ஆரும்?"

"நானும் என்ரை மனிசியும்."

அவள் அதைச் சொன்னாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நான் கைப்பையின் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு விடியவே பக்கத்து ஒழுங்கைக்கு அவை வந்திட்டினம் எண்டு தெரியும். மனிசி சொன்னவ, நீங்கள் போகக் கூடாது, குழந்தை இருக்கு, எப்பிடியாவது பாருங்கோ எண்டு. எப்பிடியாவது எண்டால் என்ன எண்டு நான் கேட்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை. விறகுப் பக்கம் ஒருக்காப் பார்த்தவ. பேந்து அடுப்பை ஊதப் போயிட்டா. கையைக் காட்டினது நான்தான். அதை நான் ஆரிலையும் போடேல்லை. ஆனால் இந்தப் பெடியன் தனியச் செய்யிறதை நாங்கள் ரெண்டு பேராச் சேர்ந்தும் செய்யேல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அந்தப் பெண் நன்றாக மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடவில்லை. "விறகுப் பக்கம் பார்த்தவ" என்பதற்கு அவள் சொன்ன சுவீடிஷ் எனக்கு முழுதாக விளங்கியது.

என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எழும்பி, அது பொய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆரூரன் திரும்பிப் பார்த்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

அந்நியர்களுக்கு முன்னால், எனக்கு ஒரு சொல் சொல்லாமல், என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இதற்கும் அன்றைக்குச் செய்ததற்கும் என்ன வித்தியாசம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது. மதிக்கு அதில் பொய் இல்லாமல் இருந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

நேற்று எழுதிய கடைசி வரி எனக்கே விளங்கவில்லை. நேராக எழுதுகிறேன். மதியைக் காட்டியபோது மதி ஒரு பிழையும் செய்யவில்லை. என்னைக் காட்டியபோது...

தோசைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும்.

மே 8, வியாழன்

தீர்ப்புத் தபாலில் வந்தது. ஒரு மாதம் சிறை. தகப்பனின் சாட்சியம் நம்பத்தகுந்தது, ஆனால் கட்டளையை மறுத்தது மறுத்ததுதான் என்று எழுதியிருக்கிறது. மேன்முறையீடு செய்யலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். ஆரூரன் வேண்டாம் என்றான்.

இவர் தீர்ப்பை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இவனுக்குப் பதிலா ஒருத்தரும் போகேல்லை" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. குசினியில் நான் மட்டும்தான் நின்றேன். தேத்தண்ணி ஊற்றி அவர் பக்கம் தள்ளிவைத்தேன். டிசம்பருக்குப் பிறகு என் கையால் ஊற்றியது அதுதான் முதல்.

ஜூன் 10, செவ்வாய்

இந்த நாட்டில் சிறைக்குத் தானே போய்ச் சேர வேண்டும். தேதியும் நேரமும் எழுதி அனுப்புகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வதுபோல. இவர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஆரூரன், "அம்மா வரட்டும். ரயிலிலை போறம்" என்றான்.

ரயிலில் அதிகம் கதைக்கவில்லை. பாணும் முட்டையும் கொண்டுபோயிருந்தேன், சாப்பிட்டான். நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடை. இரு பக்கமும் மஞ்சள் பூ பூத்த வயல். வேலி தெரிந்ததும் நின்றான். நேரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. வீதியோரத்து மரக்குற்றியில் இருந்தோம்.

"அம்மா, அப்பா சொன்னது சரியோ? நீங்கள் பார்த்தனீங்களோ?"

கிணற்றடி என்று வாய்க்குள் வந்தது. பதினாறு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த சொல், அது தானாக வரும்.

"ஓம்" என்றேன்.

அவன் கால் சப்பாத்தால் சரளையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அவையள் வந்தபோது எங்கை நிண்டனீங்கள்?"

"அடுப்படியிலை. நீ என்ரை இடுப்பிலை இருந்தனீ. உன்ரை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

"மாமா ஏதும் சொன்னவரோ?"

இதை நான் இவரிடம் கூடச் சொன்னதில்லை. இவர் அப்போது படலைக்கு வெளியே நின்றார். இவருக்குக் கேட்டிராது.

"அக்கா எண்டு கூப்பிட்டவன். ரெண்டு தரம். நான் இருக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியும், புகை போய்க்கொண்டு இருந்தது. நான் வெளியிலை வரேல்லை."

ஆரூரன் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. நேரமாகும் வரை பக்கத்திலேயே இருந்தான். பிறகு கைத்தொலைபேசியையும் மணிக்கூட்டையும் கழற்றி என் கையில் தந்தான். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் இருந்த பொத்தானை அழுத்தி, கேட்டவர்களுக்குத் தன் முழுப் பெயரைச் சொன்னான். எனக்குக் கேட்டது. கதவு திறந்தது.